எம்எஸ் பரம்பரை நோயா? தங்கையின் திருமணப் பேச்சில் எழுந்த கேள்வி

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தங்கைக்கு வயது 27. சென்ற ஆண்டு இடக்கண்ணில் பார்வை மங்கியது; கண்ணை அசைத்தாலே வலித்தது. கண் மருத்துவர் பார்வை நரம்பு அழற்சி என்று சொல்லி நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினார். எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துவிட்டு, மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் (சுருக்கமாக எம்எஸ்), அதாவது தண்டுவட மரப்பு நோய் என்றார்கள். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை, உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் செல்களே தாக்குகின்றன என்று எங்களுக்கு விளக்கினார்கள். ஸ்டீராய்டு ஊசிக்குப் பின் பார்வை பெரும்பாலும் திரும்பிவிட்டது. தங்கை வழக்கம்போல் வேலைக்குப் போய்வருகிறாள்.

இந்த நிலையில் ஒரு சம்பந்தம் நிச்சயம் வரை வந்தது. மறைப்பது தவறு என்று நாங்களே எல்லாவற்றையும் சொன்னோம். "பரம்பரை நோய் என்றால் பிள்ளைகளுக்கும் வருமே" என்று சொல்லி மாப்பிள்ளை வீட்டார் விலகிக்கொண்டார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்று முதல் எங்கள் வீட்டுக்குள்ளேயே, இது அம்மா வழியில் வந்ததா அப்பா வழியில் வந்ததா என்ற பேச்சு ஓயவில்லை. என் பெற்றோர் அத்தை மகன், மாமன் மகள் உறவில் மணம் செய்தவர்கள். அந்த உறவுதான் இதற்குக் காரணம் என்கிறார் பெரியப்பா. அம்மா சரியாகச் சாப்பிட்டு இரண்டு மாதமாகிறது.

எனக்கு இரண்டு குழந்தைகள். இந்த நோய் உண்மையிலேயே மரபணுவால் வருகிறதா, என் பிள்ளைகளுக்கு வர எவ்வளவு வாய்ப்பு, மரபணுப் பரிசோதனை செய்தால் முன்கூட்டியே தெரியுமா என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நுண்ணோக்கி எழுதியது:

வைகைக்கரை ஐயா, முதலில் உங்கள் அம்மாவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்த நோயை உண்டாக்கும் ஒற்றை மரபணு என்று ஒன்று இல்லை. ஆகவே "உங்கள் வழியில் வந்தது" என்று எவரையும் சுட்டிக்காட்ட அறிவியலில் இடமில்லை. நான் மரபியல் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். நோயாளிகளைப் பார்ப்பவன் அல்லன். எனக்குத் தெரிந்த பகுதியை மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன்.

மரபணுவுக்குப் பங்கு உண்டு என்பதற்கு மிகத் தெளிவான சான்று இரட்டையரிடமிருந்து கிடைத்தது. கனடாவில் நாடு தழுவி இரட்டையரைத் தொடர்ந்து கவனித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு எம்எஸ் இருந்தால் மற்றவருக்கும் இருந்தது ஏறத்தாழ 100க்கு 25 பேரிடம். இரு கருக்களிலிருந்து பிறந்த இரட்டையரில் அது 100க்கு 5 பேர் அளவிலேயே நின்றது. பிற்காலத்தில் சுவீடனின் பதிவேடுகளைக் கொண்டு செய்த கணக்கில் ஒரு கரு இரட்டையருக்கான எண் 17 ஆகவே இருந்தது. மரபணு முழுவதும் ஒன்றாக இருந்தும், ஒரே வீட்டில் வளர்ந்தும், நான்கில் மூன்று பேருக்கோ அதற்கும் மேலானவர்களுக்கோ நோய் வரவில்லை என்பதை மனத்தில் இருத்துங்கள். 2010இல் ஒருவருக்கு நோய் வந்து மற்றவருக்கு வராத ஒரு கரு இரட்டையரின் மரபணுத் தொகுதியை முழுமையாகப் படித்துப் பார்த்தபோது, வேறுபாட்டை விளக்கும் எதுவும் அதில் கிடைக்கவில்லை.

அடுத்து, எந்த மரபணுக்கள் என்பது. 1970களின் தொடக்கத்திலேயே ஆறாவது குரோமோசோமில் உள்ள எச்எல்ஏ பகுதிக்கும் எம்எஸ் நோய்க்கும் தொடர்பு தெரிய வந்துவிட்டது. கிருமியின் துண்டுகளைத் தாங்கிப் பிடித்து டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களுக்குக் காட்டும் புரதங்களுக்கான குறிப்பு இப்பகுதியில்தான் இருக்கிறது. உறுப்பு மாற்று அறுவைக்குப் பொருத்தம் பார்ப்பதும் இதே பகுதியை வைத்துத்தான். இதில் எச்எல்ஏ-டிஆர்பி1*15:01 என்ற வடிவத்தை ஒரு பிரதியாவது பெற்றிருப்பவருக்கு, இல்லாதவரைவிட அபாயம் ஏறத்தாழ 3 மடங்கு. அதற்கு எதிர்ப்பக்கத்தில் எச்எல்ஏ-ஏ*02:01 என்ற வடிவம் ஓரளவு காப்பளிக்கிறது. எம்எஸ் நோயில் இன்றுவரை தெரிந்துள்ள பொதுவான மாறுபாடுகளில் 15:01 அளவுக்கு வலுவானது வேறொன்றும் இல்லை.

எச்எல்ஏ பகுதிக்கு வெளியே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2007இல் ஐஎல்7ஆர், ஐஎல்2ஆர்ஏ என்ற இரண்டு மரபணுக்கள் தெரிந்தன. 2011இல் 50க்கும் மேற்பட்ட இடங்கள், 2013இல் 110 மாறுபாடுகள் என்று பட்டியல் நீண்டது. 2019இல் பன்னாட்டு எம்எஸ் மரபியல் கூட்டமைப்பு 47,429 நோயாளிகளையும் நோயில்லாத 68,374 பேரையும் ஒப்பிட்டு எம்எஸ் அபாயத்தோடு தொடர்புடைய மொத்தம் 233 மரபணுக் குறிகளை வெளியிட்டது. அவற்றில் 32 எச்எல்ஏ பகுதியில் உள்ளன. ஒன்று எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. எச்எல்ஏ பகுதிக்கு வெளியே உள்ள மாறுபாடுகளில் பெரும்பாலானவை ஒவ்வொன்றும் அபாயத்தைப் பத்து, இருபது விழுக்காடு மட்டுமே கூட்டுபவை. நீங்களும் நானும் இந்தக் கருத்துக்களத்தைப் படிக்கும் ஒவ்வொருவரும் இவற்றில் பலவற்றைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறோம்.

இப்போது உங்கள் குழந்தைகள். ஐரோப்பிய, வட அமெரிக்கக் கணக்குப்படி, எம்எஸ் நோயாளியின் உடன்பிறந்தவருக்கு வரும் வாய்ப்பு 100 பேரில் 2 முதல் 3 பேர். நோயாளியின் பிள்ளைக்கு ஏறத்தாழ 2 பேர். அண்ணன் பிள்ளை, அக்காள் பிள்ளை என்ற நிலையில் ஏறத்தாழ ஒருவர். எம்எஸ் பரவலாக உள்ள நாடுகளின் எண்கள் இவை. நம் பகுதியில் நோயின் அடிப்படை அளவே மிகவும் குறைவு என்பதால், உங்கள் குழந்தைகளுக்கான வாய்ப்பு இதைவிடக் கீழே இருக்கும் என்றே எதிர்பார்க்கலாம். "பல மடங்கு" என்ற சொல்லைக் கேட்டு அஞ்சுகிறவர்கள், எந்த எண்ணின் பல மடங்கு என்று கேட்க மறந்துவிடுகிறார்கள்.

பொருநை எழுதியது:

நுண்ணோக்கி அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. நான் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர். இரண்டு ஐயங்கள். உறவுக்குள் திருமணம் செய்தால் மரபணு நோய்கள் கூடும் என்று பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அப்படியிருக்க, பெரியப்பா சொல்வதை முற்றிலும் தள்ளிவிட முடியுமா? இரண்டாவது, 233 மாறுபாடுகள் தெரிந்துவிட்டன என்றால் அவற்றை ஒருவரின் உமிழ்நீரிலிருந்தே எண்ணிக் கூட்டிப் பார்த்துவிடலாமே? அறியாமல் இருப்பதைவிட அறிந்திருப்பது மேல் என்பதே என் கருத்து.

நுண்ணோக்கி எழுதியது:

ஐயா, உறவுத் திருமணம் பற்றி நீங்கள் கற்பித்தது சரியே. ஆனால் அது ஒடுங்குநிலை நோய்களுக்குப் பொருந்தும் விதி. ஒரே மூதாதையிடமிருந்து வந்த பழுதுள்ள மரபணு, தாய் வழியாக ஒன்றும் தந்தை வழியாக ஒன்றுமாக இரண்டு பிரதிகள் சேரும்போது அந்நோய்கள் வெளிப்படுகின்றன. தலசீமியா அதற்குத் தெரிந்த எடுத்துக்காட்டு. எம்எஸ் அந்த வகை நோய் அன்று. 15:01 ஒற்றைப் பிரதியாக இருந்தாலே அபாயத்தைக் கூட்டுகிறது. மற்றவை சின்னச் சின்னதாகச் சேர்ந்து ஏறுபவை. எம்எஸ் மிகுதியாக உள்ள கனடா, ஸ்காட்லாந்து, சுவீடன் ஆகிய நாடுகளில் அத்தை மகன், மாமன் மகள் திருமணம் வழக்கமும் இல்லை. ஒரு தனிக் குடும்பத்தில் நோய் வந்ததற்குப் பெற்றோரின் உறவைக் காரணம் காட்டுவதற்கு ஆதாரம் இல்லை. ஒற்றை மரபணுவே எம்எஸ் நோயை உண்டாக்குகிறது என்று 2016இல் என்ஆர்1எச்3 என்ற மரபணுவை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. பன்னாட்டுக் கூட்டமைப்பு பல்லாயிரம் பேரிடம் அதைத் தேடிப் பார்த்தபோது, அந்த மாறுபாட்டுக்கும் நோய்க்கும் தொடர்பு எதுவும் தென்படவில்லை.

பரிசோதனை பற்றி நான் உங்களோடு உடன்படவில்லை. வடக்கு ஐரோப்பியரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 15:01 வடிவத்தைச் சுமக்கிறார். அவர்களில் 100க்கு 99 பேருக்கும் மேல் எம்எஸ் வராமலேயே வாழ்ந்து முடிக்கிறார்கள். நோய் வந்தவர்களிலோ கணிசமானோரிடம் 15:01 இல்லை. "இருக்கிறது" என்ற விடையும் "இல்லை" என்ற விடையும் ஒரு குடும்பத்துக்கு எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. 2019இன் பட்டியலில் உறுதிப்படாத இடங்களைச் சேர்த்துக்கொண்டாலும், அது மரபுவழிப் பங்கில் ஏறத்தாழ 48 விழுக்காட்டையே விளக்குகிறது. அந்த மரபுவழிப் பங்கே நோயின் மொத்த வேறுபாட்டில் ஏறத்தாழ பாதிதான் என்று இரட்டையர் ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. இவை அனைத்துக்கும் மேல், அந்தப் பட்டியல் ஐரோப்பிய வம்சாவளியினரிடமிருந்து எடுத்தது. அதில் ஒவ்வொரு மாறுபாட்டுக்கும் கணக்கிட்ட அபாய அளவை அப்படியே மதுரையில் பிறந்தவருக்குப் போட்டுக் கூட்டினால் வரும் எண்ணுக்குப் பொருள் இல்லை. ஆறுதலுக்காகச் செய்யும் பரிசோதனை, திருமணச் சந்தையில் இன்னொரு தாளாக மாறிவிடும் என்ற அச்சமும் எனக்கு உண்டு.

பொருநை எழுதியது:

ஒடுங்குநிலை நோய்க்கான விதியை எல்லா நோய்க்கும் நீட்டியது என் பிழை. பரிசோதனை விஷயத்தில் மட்டும் ஒன்று சொல்வேன். தமிழரிடம் ஆய்வு செய்யவில்லை என்பது பரிசோதனை வேண்டாம் என்பதற்கான காரணமாகவே முடிந்துவிடக் கூடாது. ஆய்வில் பங்கேற்கும் நோயாளிகள் கூடினால்தான் அந்தக் குறை நீங்கும்.

நுண்ணோக்கி எழுதியது:

இதில் நாம் இருவரும் ஒரே பக்கம். நெறிமுறைக் குழு ஒப்புதல் பெற்ற ஆய்வுக்கு இரத்தம் கொடுப்பது வேறு, கடையில் பொருள் வாங்குவது போல ஒரு முடிவை வாங்கி வருவது வேறு. பல இன மக்களைச் சேர்த்துப் பார்ப்பதன் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஐரோப்பியரிடம் டிஆர்பி1*15:01 வடிவமும் அதற்குப் பக்கத்திலுள்ள டிக்யூபி1*06:02 வடிவமும் பிரியாமல் சேர்ந்தே வருகின்றன. அபாயம் எதனால் என்று ஐரோப்பியரை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியவில்லை. 2004இல் ஆப்பிரிக்க அமெரிக்க நோயாளிகளை ஆராய்ந்தபோது, அவர்களிடம் இந்த இரண்டும் சில நேரம் தனித்தனியாக இருந்ததால், டிஆர்பி1 மரபணுவே முதன்மையானது என்று தெரிந்தது. சார்டினியாத் தீவில் வேறொன்று கிடைத்தது. எம்எஸ் மிகுந்த அத்தீவில், எதிர்ப்பொருள்களை உண்டாக்கும் பி செல்களை வளர்க்கும் பாஃப் என்ற புரதத்தைக் கூட்டும் ஒரு மாறுபாடு பரவலாக இருப்பதை 2017இல் கண்டறிந்தார்கள். மலேரியா நெடுங்காலம் வாட்டிய தீவு அது. மலேரியாவிலிருந்து காத்ததால்தான் அந்த மாறுபாடு அங்கே நிலைத்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். நம் மக்களிடம் தேடினால் நமக்கே உரியதாக என்ன கிடைக்கும் என்ற கேள்வி என்னைப் பல நாள் விழித்திருக்க வைத்திருக்கிறது.

ஸ்கார்பரோ வாசி எழுதியது:

இந்த இழையை முதலிலிருந்து வாசித்தேன். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து 19 வயதில் கனடாவுக்கு வந்தவள். எனக்கு எம்எஸ் என்று உறுதியாகி 11 ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் இரு குடும்பங்களிலும், தேடிப் பார்த்த வரையில், வேறு எவருக்கும் இது இல்லை. வைகைக்கரைத் தம்பி, உங்கள் அம்மாவுக்கு என்னுடைய அன்பைச் சொல்லுங்கள். என் அம்மாவும் தன்னையே நொந்துகொண்டவர்தான். இங்கே கனடாவில் செய்து 1995இல் வெளியான தத்துப்பிள்ளைகள் ஆய்வைப் பற்றி என் வைத்தியர் சொன்னபோதுதான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. எம்எஸ் நோயாளியோடு ஒரே வீட்டில் வளர்ந்தும் இரத்த உறவில்லாதவர்களுக்கு அபாயம் பொதுமக்களுக்கு உள்ள அளவுதானாம். ஆகவே கூட இருப்பதால் தொற்றுவதோ, வீட்டுச் சாப்பாட்டால் வருவதோ அன்று. இதை அம்மாவுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

எனக்கு ஒரு கேள்வி. என் பிள்ளைகள் இருவரும் ரொறன்ரோவில் பிறந்தவர்கள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் கேள்விப்பட்டேயிராத நோய் இங்கே தெரிந்தவர்களில் பலருக்கு இருக்கிறது. என் பிள்ளைகளுக்கு எந்தக் கணக்கு பொருந்தும், எங்கள் ஊரினதா, இந்த ஊரினதா?

நுண்ணோக்கி எழுதியது:

அக்கா, உங்கள் கேள்விக்கு நேரான சான்று இங்கிலாந்தில் இருக்கிறது. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து அங்கே குடியேறியவர்களிடம் எம்எஸ் குறைவாக இருந்தது; அவர்களுக்கு அங்கேயே பிறந்த பிள்ளைகளிடமோ அந்நாட்டுப் பொது அளவை நெருங்கியது என்று 1990இல் வெளியான ஆய்வு காட்டியது. மரபணு ஒரு தலைமுறையில் மாறாது. மாறியது வளர்ந்த இடம்தான். 15 வயதுக்கு முன் குடிபெயர்வோருக்கு வந்து சேர்ந்த இடத்தின் அபாயம் பெரிதும் ஒட்டிக்கொள்கிறது என்ற கருத்தும் குடியேறியோர் ஆய்வுகளிலிருந்து உருவானதே. ஆகவே உங்கள் பிள்ளைகளுக்குக் கனடாவின் கணக்கே அருகில் வரும். அதுவும் 100 பேரில் 2 பேர் என்ற அளவுதான். 98 பேருக்கு வருவதில்லை.

மரபணுவும் சூழலும் எப்படிச் சேருகின்றன என்பதற்குச் சுவீடனில் 2011இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல சாட்சி. டிஆர்பி1*15 வடிவம் இருந்து, காப்பளிக்கும் ஏ*02 இல்லாமல், புகைபிடிப்பவராகவும் இருந்தவருக்கு, இந்த மூன்றில் எதுவும் பொருந்தாதவரைவிட அபாயம் ஏறத்தாழ 14 மடங்காக இருந்தது. மரபணு அபாயமும் புகையும் தனித்தனியே தருவதைக் கூட்டினால் அந்த எண் வராது. ஒன்று மற்றொன்றைப் பெருக்குகிறது. பிறர் விடும் புகையும் அபாயத்தைக் கூட்டுகிறது என்று அதே குழு காட்டியது. இளமையில் உடல் பருமனும் இவ்வாறே. வைட்டமின் டி குறைவுக்கும் பங்கு உண்டு. அதை உடலில் செயலுள்ள வடிவமாக மாற்றும் சிஒய்பி27பி1 மரபணு எம்எஸ் பட்டியலிலேயே இருக்கிறது. கருமையான தோலுக்குக் கனடாவின் குளிர்கால வெயில் போதாது என்பதால், பிள்ளைகளின் வைட்டமின் டி பற்றி அவர்களின் மருத்துவரிடம் கேளுங்கள்.

இவை அனைத்துக்கும் முன் நிற்பது எப்ஸ்டீன்-பார் வைரஸ். அமெரிக்கப் படையினர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் பதிவுகளிலிருந்து, ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட முடிவு இது: அந்த வைரஸ் தொற்றிய பின் எம்எஸ் அபாயம் 32 மடங்கு உயர்ந்தது. மாதிரி கிடைத்த 801 நோயாளிகளில் நோய் தொடங்குமுன் அத்தொற்று இல்லாதவர் ஒருவர்தான். ஆனால் உலகில் வளர்ந்தோரில் 100க்கு 90க்கும் மேற்பட்டோர் இந்த வைரஸைச் சுமப்பவர்களே. எல்லோருக்கும் தொற்றும் ஒன்று மிகச் சிலருக்கு மட்டும் ஏன் இப்படி முடிகிறது என்று கேட்கும்போது மீண்டும் எச்எல்ஏ பகுதிக்கே வந்து நிற்கிறோம்.

மலைச்சாரல் எழுதியது:

நான் நரம்பியல் பிரிவில் பணிபுரியும் மருத்துவர். மரபணு பற்றிய விளக்கங்கள் சரியாகவே இருக்கின்றன. ஆனால் வைகைக்கரை அவர்களிடம் வேறொன்றைக் கேட்க வேண்டும். எம்எஸ் போலவே தோன்றும் வேறு நோய்களைப் பிரித்தறிய உதவும் இரண்டு இரத்தப் பரிசோதனைகள் உண்டு. தங்கைக்கு அக்குவாபொரின்-4 எதிர்ப்பொருள் பரிசோதனையும் எம்ஓஜி எதிர்ப்பொருள் பரிசோதனையும் செய்தார்களா?

பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமயலைடிஸ் ஆப்டிகா என்ற நோயை நெடுங்காலம் எம்எஸ் நோயின் ஒரு வகை என்றே எண்ணியிருந்தார்கள். 2004இல் அதற்கே உரிய எதிர்ப்பொருள் (மேலே முதலில் கேட்டது) கண்டறியப்பட்ட பின் அது தனி நோய் என்று உறுதியாயிற்று. மங்களூரு நகரில் நடந்த கணக்கெடுப்பில் ஒரு லட்சம் பேருக்கு எம்எஸ் ஏறத்தாழ 8 பேருக்கும், நியூரோமயலைடிஸ் ஆப்டிகா ஏறத்தாழ 2.6 பேருக்கும் இருந்தன. ஐரோப்பாவில் எம்எஸ் பல மடங்கு மிகுதி என்பதால் அங்கே குழப்பத்துக்கு வாய்ப்பு குறைவு, நம்மிடம் கூடுதல். எம்எஸ் நோய்க்குத் தரும் இன்டர்ஃபெரான் பீட்டா, ஃபிங்கோலிமோட் போன்ற மருந்துகள் அந்த நோயை மோசமாக்கக்கூடியவை என்பதால் இது பெயர் பற்றிய விவாதம் மட்டுமன்று.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. மரபணு ஆய்வால் நோயாளிக்கு என்ன பயன் என்று பலர் கேட்கிறார்கள். டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் மூட்டுவாதத்தில் நன்றாக வேலை செய்வதைப் பார்த்து, எம்எஸ் நோயாளிகளுக்கும் அவ்வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1999இல் வெளியான முடிவில் அவர்களுக்கு நோய்த்தாக்கம் கூடியிருந்தது. ஏன் என்பது அப்போது விளங்கவில்லை. எம்எஸ் அபாயத்தைக் கூட்டும் டிஎன்எஃப்ஆர்எஸ்எஃப்1ஏ மாறுபாடு, டிஎன்எஃப் புரதத்தைப் பிடித்து அடைத்துவிடும் கரையக்கூடிய ஒரு துண்டை உடலுக்குள்ளேயே உண்டாக்குகிறது என்று ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2012இல் காட்டினார்கள். மருந்து செய்ததையே மரபணுவும் செய்துகொண்டிருந்தது. மூட்டுவாதத்துக்கோ குடல் அழற்சிக்கோ இத்தகைய மருந்தைத் தொடங்குமுன், குடும்பத்தில் எம்எஸ் இருப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எண்களைவிட இது உங்கள் குடும்பத்துக்குக் கைகொடுக்கும்.

வைகைக்கரை எழுதியது:

இதற்கு முன் எழுதிய அனைவருக்கும் கைகூப்பி நன்றி. மருத்துவர் சொன்ன இரண்டு எதிர்ப்பொருள் பரிசோதனைகளும் முன்பே எழுதிக்கொடுக்கப்பட்டிருந்தன. ஒன்றை மட்டும் எடுத்திருந்தோம். மற்றதையும் எடுத்துவிட்டோம். இரண்டும் இல்லை என்று வந்துவிட்டது. கீழே இருப்பது என் கணக்கிலிருந்து தங்கை எழுதுவது.

வணக்கம். அண்ணன் எனக்காக எழுதிய இழையை அவரே என்னிடம் காட்டினார். பிள்ளைகளுக்கு வருமா என்றே எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு என் நோயைப் பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது. இது எவ்வளவு வேகமாக முற்றும் என்பதும் மரபணுவில் எழுதியிருக்கிறதா? நான் பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா?

நுண்ணோக்கி எழுதியது:

தங்கையே, நோயை வரவழைக்கும் மாறுபாடுகளும் நோயின் வேகத்தைத் தீர்மானிப்பவையும் வெவ்வேறாக இருக்கின்றன. 2023இல் 12,584 நோயாளிகளை ஆராய்ந்து, வேகத்தோடு தொடர்புடைய ஓர் இடத்தை முதன்முறையாக உறுதிசெய்தார்கள். அம்மாறுபாட்டை இரு பிரதிகளாகப் பெற்றவர்களுக்கு, நடக்கத் துணைக்கோல் தேவைப்படும் காலம் நடுமதிப்பில் 3.7 ஆண்டு முன்னதாக வந்தது. அந்த இடத்திலுள்ள மரபணுக்கள் எதிர்ப்புச் செல்களைவிட மூளையிலும் தண்டுவடத்திலும்தான் செயல்படுகின்றன என்பதால், நரம்பையே காக்கும் மருந்தைத் தேடுவோருக்கு இது ஒரு வழி காட்டுகிறது. தனி ஒருவரின் எதிர்காலத்தைச் சொல்ல இது போதாது. உங்கள் பாதையை உங்கள் எம்ஆர்ஐயும், மருந்துக்கு உங்கள் உடல் தரும் பதிலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லும்.

மலைச்சாரல் எழுதியது:

அம்மா, பிள்ளை பெற்றுக்கொள்ளலாம். எம்எஸ் உள்ள பெண்கள் தாயாவதற்கு அந்நோய் தடையில்லை. ஐரோப்பாவில் 254 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 1998இல் வெளியிட்ட ஆய்வில், கருவுற்ற கடைசி மூன்று மாதங்களில் நோய்த்தாக்கம் நன்றாகக் குறைந்தது. பிறந்த பின் முதல் மூன்று மாதங்களில் கூடியது. அந்த மூன்று மாதங்களுக்கு வீட்டார் துணையிருக்க வேண்டும். கருத்தரிக்கத் திட்டமிடும்போதே உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சில மருந்துகளைப் பல வாரம் முன்னதாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டியிருக்கும். மருந்தை நீங்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

ஸ்கார்பரோ வாசி எழுதியது:

தங்கச்சி, எனக்கு நோய் தெரிந்த பிறகு பிறந்தவன் என் இளைய மகன். இந்தத் தையில் அவனுக்கு எட்டு வயது நிறைந்தது. எந்த நேரத்திலும் எனக்குத் தனிமடல் அனுப்புங்கள்.

வைகைக்கரை எழுதியது:

அப்பா வீட்டுக்குள் சிகரெட் பிடிப்பதை நிறுத்தி மூன்று வாரமாகிறது. சுவீடன் ஆய்வு பற்றிய பத்தியைத் தங்கையே அச்செடுத்து அவர் மேசையில் வைத்தாள். இரட்டையர் பற்றிய பகுதியை நேற்று அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஒரே கருவில் இருந்ததில்கூட நாலு பேரில் மூன்று பேருக்கு வரவில்லையா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு எழுந்து போய்த் தட்டு எடுத்து வைத்தார்.